வெள்ளிக்கிழமை வைத்தியம்

அந்தப் பெண் வந்த அன்றைக்கு என் ஸ்டோர் ரூமில் பாதி பறிபோனது. நல்லதுக்குத்தான் போனது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பறிகொடுத்தவள் நான்.

மேலத்திட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினேழு வருடமாக மருந்து கொடுக்கிறவள் நான்தான். பெயர் ஜெயராணி. சிதம்பரத்தில் காலை ஏழே முக்காலுக்கு பஸ் ஏறினால் இரண்டு பக்கமும் இறால் குட்டைகளையும் சவுக்கையும் பார்த்துக்கொண்டே எட்டரைக்கு வந்து இறங்கலாம். பஸ் வராத நாளில் மீன் வண்டியில் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து வந்திருக்கிறேன். அன்றைக்கு முழுக்க என் மாத்திரையிலும் கவிச்சி அடிக்கிறது என்று இந்த ஊர்க்காரர்களே, மீன் பிடிக்கிறவர்களே, மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். அப்படிப்பட்ட ஊர் இது.

கட்டடத்தில் ஆறு அறை. டாக்டருக்கு ஒன்று, ஊசிக்கு ஒன்று, பிரசவத்துக்கு இரண்டு, ஐப்பசி கார்த்திகையில் ஒழுகுவதற்கென்றே ஒன்று. மிச்சம் என் ஸ்டோர். எந்தப் பெட்டிக்கு மேல் எந்தப் பெட்டி என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் லீவு போட்டால் ஊருக்கு மருந்து கிடையாது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு காலையில் டாக்டர் சிவசங்கர் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கடலூர்க்காரர், நல்ல மனுஷன். ஆனால் அடுத்தவர் இடத்தை எடுத்துக் கொடுப்பதில் தாராளம்.

"ஜெயராணி மேடம், இவங்க இசைவாணி. சைக்காலஜி எம்.எஸ்சி. ரெண்டு மாசம் நம்மகிட்ட ட்ரெய்னிங். உக்கார ஒரு எடம் வேணும்."

"மொட்ட மாடி சும்மாத்தான் சார் கெடக்குது."

"உங்க ஸ்டோர்ல தடுப்பூசி ஃப்ரிட்ஜ் பக்கத்துல எடம் இருக்குதே."

இருந்தது. அங்கேதான் நான் மத்தியானம் பத்து நிமிடம் கண்ணை மூடுவேன். இதைச் சொல்ல முடியுமா?

பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். திட்டக்குடிப் பக்கம், மக்காச்சோளம் போடுகிற வீடு. அந்த வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் இவள்தான். தோளில் ஒரு பை, கையில் ஒரு ஃபைல், கண்ணில் உலகத்தையே குணப்படுத்திவிடுகிற வெளிச்சம்.

"சார், எங்க காலேஜ் மேடம் சொல்லிருக்காங்க. சத்தமில்லாத ரூம், சாத்துற மாதிரி கதவு, ரெண்டு நாற்காலி, ஒருத்தருக்கு அம்பது நிமிஷம்" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மனுஷன் மத்தியானம் ஒரு மணிக்குள் நூற்றெண்பது பேரைப் பார்க்கிறவர்.

"அம்பது நிமிஷத்துல நான் முப்பத்தஞ்சு பேரப் பாத்துருவேம்மா. ஒனக்கு பத்து நிமிஷம். அதுவே இங்க ஜாஸ்தி."

அவள் 'மனநல ஆலோசனை' என்று வண்ணப் பேனாவில் எழுதிய அட்டையை ஜன்னலில் ஒட்டினாள். பக்கத்தில் ஒரு பூ வேறு வரைந்திருந்தாள். மூன்று நாள் ஒரு ஈ காக்கை வரவில்லை. வராதது மட்டுமா? என் ஜன்னலுக்கு மாத்திரை வாங்க வருகிறவர்களே வேப்பமரத்தைச் சுற்றி வந்தார்கள். அவள் கண்ணில் பட்டால் பைத்தியம் என்று எழுதிவிடுவாளாம். ஒருத்தி இடுப்புக் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு ஓடினாள்.

நாலாம் நாள் அந்தப் பெண் ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள். எனக்கு அழுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எரிச்சல் வரும். எரிச்சல் வந்தால் எதையாவது செய்துவிடுவேன். அட்டையைக் கிழித்தேன். ஊசி ரூமிலிருந்து பி.பி. பார்க்கிற கருவியைக் கொண்டுவந்து அவள் மேசைமேல் வைத்தேன்.

"பி.பி. பாக்கத் தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"பட்டைய கையில சுத்து. காத்த ஏத்து. எறக்கறதுக்கு முன்னாடி வீட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு கேளு. அப்புறம் பாரு கூத்த."

அரை மணி நேரத்தில் வாசல் வரைக்கும் வரிசை. இந்த ஊரில் கையில் பட்டை சுற்றினால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். மாமியார் கதை, மருமகள் கதை, ஓடிப்போன நாத்தனார் கதை எல்லாம் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அடுக்கைத் தாண்டி என் காதில் வந்து விழுந்தன. நான் வேண்டுமென்று கேட்கவில்லை. காதுக்கு மூடியா இருக்கிறது?

அவளிடம் ஒரு தாள் உண்டு. அதில் ஒன்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 'இல்லவே இல்லை' என்றால் பூஜ்யம், 'தினமும்' என்றால் மூன்று. கூட்டினால் இருபத்தேழுக்கு எவ்வளவு என்று வரும். ஏற ஏற மனச்சோர்வு ஜாஸ்தி என்று கணக்கு. முதல் வாரம் முப்பத்தோரு பேரிடம் கேட்டாள்.

"கடந்த ரெண்டு வாரமா தூக்கம் கொறஞ்சிருக்கா?"

"காலையில ரெண்டு மணிக்கு கடலுக்குப் போறவனுக்கு ஏது பாப்பா தூக்கம்? தெனமும்னு போட்டுக்க."

"ஒடம்பு சோர்வா இருக்கா?"

"வந்து ஒரு நாளு வலைய இழுத்துப் பாரேன்."

"சாப்பாட்டுல விருப்பம் இல்லாம இருக்கா?"

"தெனமும் அதே மடவ மீன் கொழம்பு. நீ திங்கிறியா?"

"வழக்கத்த விட மெதுவா நடக்குறீங்களா?"

"மணல்ல ஓடவா முடியும்?"

"உங்களப் பத்தி நீங்களே மோசமா நெனைக்கிறீங்களா?"

"நான் எதுக்கு நெனைக்கணும்? அந்த வேலைய என் பொண்டாட்டி பாத்துக்கிறா."

ஒன்பதாவது கேள்வி சாவதைப் பற்றியது. அதைக் கேட்கும்போது மட்டும் அவள் குரல் இறங்கிவிடும். அந்தக் கேள்வி வந்தால் நானும் மாத்திரை எண்ணுவதை நிறுத்திவிடுவேன். முப்பத்தோரு தடவையும் 'அட போ பாப்பா' என்றோ 'ஒண்ணுமில்ல' என்றோதான் பதில் வந்தது. அதன் பிறகுதான் எனக்கு எண்ணிக்கை ஓடும்.

சனிக்கிழமை அவள் முகம் வெளுத்துப்போய் டாக்டரிடம் நின்றாள். "சார், முப்பத்தோரு பேர்ல இருவத்தாறு பேருக்கு கடுமையான மனச்சோர்வு. ஊரே நோயில இருக்குது சார்!"

டாக்டர் தாள்களைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் தோள் குலுங்கியது. "இந்த இருவத்தாறு பேரும் காலையில கடலுக்குப் போயிட்டு வந்து, மீன வித்துட்டு, உன்கிட்ட வந்து சிரிச்சிப் பேசிட்டுப் போனவங்கம்மா. இவுங்கள நான் ஆஸ்பத்திரியில சேத்தா சிதம்பரம் மார்க்கெட்ட மூட வேண்டியதுதான்." கடைசித் தாளில் அவர் கை நின்றது. "இது யாரு, பூஜ்யம்?"

"குப்பன்னு ஒருத்தர் சார். எல்லாத்துக்கும் 'ஒண்ணுமில்ல'ன்னுட்டார். அவர் ஒருத்தர்தான் முழு ஆரோக்கியம்."

நான் சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"நாப்பது நாளா தெனமும் இங்க வர்ற ஆளும்மா அவரு. திங்கக்கெழம நெஞ்சுவலி, செவ்வாக்கெழம வயித்துவலி, புதன்கெழம கழுத்து. நாலு தடவ இ.சி.ஜி. எடுத்தாச்சு, எல்லாம் சுத்தம். கடலுக்குப் போறவனெல்லாம் இருவத்தி மூணு, போவாதவன் முட்ட மார்க்கா? தாள தலகீழா புடிச்சிருக்கியா? திங்கக்கெழம அவர்கிட்ட பத்து நிமிஷம் பேசு. இந்தத் தாள் இல்லாம."

குப்பனை எனக்குத் தெரியாதா? ஐம்பது வயதுக்காரர். தேக்குக் கட்டை போலக் கை. நாற்பது நாளில் என்னிடம் அவர் வாங்கிய வயிற்றுப்புண் மாத்திரையை ஒரு சின்ன மளிகைக் கடையில் வைத்து விற்கலாம். வாங்கிக்கொண்டு வீட்டுக்கும் போகமாட்டார். ஃபேனுக்குக் கீழே பெஞ்சில் ஒரு மணி வரை உட்கார்ந்திருப்பார். அவர் மனைவி குணசுந்தரி மீன் கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்து அவரையும் எங்களையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போவாள்.

திங்கட்கிழமை அவள் திட்டவில்லை. என் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எக்கா, எந்தம்பி சபாபதி நேத்து வந்து சொல்லிட்டுப் போயிட்டான். அவன் ஃபைபர் போட்டுலதான இவரு போறாரு. நாப்பது நாளா ஆளு கொறச்சலா ஓட்டிட்டானாம். அடுத்த திங்கக்கெழம மாமா வரலன்னா கிள்ளையிலேந்து வேற ஆள ஏத்திருவேன்றான். கூடப்பொறந்தவனே இப்புடிச் சொன்னா நான் யார்கிட்ட போவேன்?"

"அவன் சொல்றதும் ஞாயந்தான குணசுந்தரி."

"ஞாயம் கெடக்கட்டும்க்கா. போட்டுல எடம் போச்சுன்னா இந்த மனுசன் எழுந்து நடமாடுவாருன்னு நெனைக்கிறியா? பன்னெண்டு வயசுலேந்து கடலுக்குப் போனவரு. அவரு வேற என்னாவா இருப்பாரு? வூட்டுல செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்காருக்கா. அதப் பாக்க முடியல."

நான் அவளை அதட்டினேன். "சரி சரி, அழுதா ஆவுமா? மொதல்ல போய் அந்த சக்கர மாத்திர வரிசையில எனக்காவ நில்லு, யாரும் முண்டாம பாத்துக்க. புருசன் கூடவே நிக்காத." பெண்டாட்டி பக்கத்தில் நின்றால் எந்த ஆண்பிள்ளை 'மனசு சரியில்லை' என்பான்? அந்தத் தாளை நிரப்பிய அன்றும் இவள் பக்கத்தில்தான் நின்றாள். பூஜ்யத்துக்குக் காரணம் அதுதான் என்று எனக்கு அப்போதே பட்டது. எம்.எஸ்சி. படிக்காமலே பட்டது.

இசைவாணி அவர் கையில் பட்டையைச் சுற்றினாள். காற்றை ஏற்றினாள். தாளை எடுக்கவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. அது எனக்குப் பிடித்தது. ஃப்ரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"கை வலிக்குது பாப்பா, காத்த எறக்கு" என்றார் குப்பன்.

"ஐயோ, சாரிண்ணே."

"நீ போட்டுல போயிருக்கியா?"

"இல்லண்ணே. எங்க ஊர்ல ஏரிதான். அதுலயும் எறங்குனதில்ல."

"அப்ப ஒன்கிட்ட சொல்லலாம்" என்றார். எனக்கு அது ஏன் என்று புரிந்தது. கடலைத் தெரிந்தவனிடம் எப்படிச் சொல்லுவார்?

மாசியில் ஒருநாள், ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்தில் இன்ஜின் நின்றுவிட்டதாம். பக்கவாட்டில் ஒரு அலை வந்து போட்டைச் சாய்த்து நிமிர்த்தியதாம். நாலு பேரும் நனைந்தார்கள், சிரித்தார்கள், கரைக்கு வந்து டீ குடித்தார்கள். இதெல்லாம் வருடத்துக்குப் பத்து முறை நடப்பது. மூன்று நாள் கழித்து அதே இடத்தைத் தாண்டும்போது அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கை மரத்தது. உயிர் போகிறது என்றே நினைத்தார்.

"சபாபதி எப்பவும் அந்த எடத்துல காட்டுக்கத்து கத்துவான். 'அந்தப் பக்கம் ஒக்காரு, இந்தப் பக்கம் சாயாத'ன்னு. அன்னிக்கு அவன் கத்துனது கூட எங்கியோ தூரத்துல கேட்டுது. வயித்துவலின்னு சொல்லி திரும்பிட்டேன். மறுநாளும் அதே. இப்ப அங்க போவணும்னு நெனச்சாவே வருது. முப்பத்தெட்டு வருசம் போன வழி பாப்பா. வெளில சொன்னா சிரிப்பானுவ."

பயந்த மனசு என்ன செய்யும் என்று இசைவாணி நிதானமாகச் சொன்னாள். இதனால் உயிர் போகாது, நாலு இ.சி.ஜி.யும் அதைத்தான் சொல்கிறது என்றாள். பயத்தைக் கண்டு திரும்பி ஓட ஓட அது பெருகும். இருந்த இடத்திலேயே இருந்தால் உச்சிக்குப் போய் தானாக இறங்கும். அதுவரை நாலு எண்ணி மூச்சை மெதுவாக விட வேண்டும்.

"பயம் அலை மாதிரிண்ணே. ஏறும், எறங்கிரும்."

"எறங்கும். பின்னாடியே அடுத்தது வருமே?" என்றார் குப்பன்.

அவள் பட்டையைக் கழற்றினாள்.

ஆனாலும் விடவில்லை. படிப்படியாகப் பழக வேண்டும் என்று ஒரு ஏணி வரைந்தாள். முதல் படி, கரையில் நின்று போட்டுகள் போவதைப் பார்ப்பது. இரண்டாவது, கரையேற்றிய போட்டில் உட்காருவது. மூன்றாவது, சுரபுன்னைக் காட்டு ஓரமாக அலையில்லாத உள்தண்ணீரில் துடுப்புப் போட்டுப் போவது. நாலாவது, முகத்துவாரம் வரைக்கும் போய் பயம் இறங்குகிற வரை அங்கேயே இருப்பது. ஐந்தாவது, கடல். வியாழக்கிழமைக்குள் மூன்று படி முடிந்தது. கரையேற்றிய போட்டில் மொட்டை வெயிலில் உட்கார்ந்திருந்த குப்பனை 'என்னாண்ணே, போட்டுக்கு காவலா?' என்று கேட்டவர்களிடம் 'பெயிண்ட் காயுதான்னு பாக்குறேன்' என்றாராம். அந்தப் போட்டுக்குப் பெயிண்ட் அடித்து ஆறு வருடம்.

நாலாவது படிக்கு ஓடுகிற போட்டு வேண்டும். விஷயத்தை இதற்குள் குப்பனே சொல்லக் கேட்டிருந்த குணசுந்தரி, சபாபதியிடம் என்ன ஏதென்று சொல்லாமல், தம்பி என்ற உரிமையில் கேட்டு வாங்கினாள். எந்த நாள்?

"போட்டு எந்த நாளு சும்மா இருக்கும்?" என்று இசைவாணி கேட்டாள்.

"வெள்ளிக்கெழம. அன்னிக்கு எங்க ஊர்ல யாரும் கடலுக்குப் போவ மாட்டாங்க. ஊர்க்கட்டு" என்றாள் குணசுந்தரி.

"அப்ப வெள்ளிக்கெழமதான் நல்லது. லீவு நாளு, யாரும் இருக்க மாட்டாங்க. யாருக்கும் தெரியாம முடிச்சிரலாம்."

காலேஜுக்கு லீவு என்றால் காலேஜில் ஆள் இருக்காது. அந்தக் கணக்கு அவளுக்கு. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். பதினேழு வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கூட அந்தக் கரைக்கு நான் போனதில்லை. குப்பனுக்கும் குணசுந்தரிக்கும் தெரியும். ஆனால் திங்கட்கிழமைக்கு முன்னால் வேறு நாள் இல்லை. இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

டாக்டர் என்னைத் துணைக்கு அனுப்பினார். "ஃபீல்டு விசிட்" என்றார். பிச்சாவரத்தில் சுற்றுலாப் படகு தள்ளுகிற, குணசுந்தரிக்குச் சொந்தக்காரன் ஒருவனிடம் இரவல் வாங்கிய ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இசைவாணி முன்னால் நடந்தாள். சவுக்குத் தோப்பைத் தாண்டிக் கரையில் கால் வைத்தோம்.

ஊரே அங்கே இருந்தது!

கடலுக்குப் போகாத நாள் என்றால் வேறு எங்கே இருப்பார்கள்? நூறு ஆண்பிள்ளைகள் கால்விரலில் வலையை மாட்டி இழுத்துப் பொத்தல் தைத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில் கேரம் ஓடியது. அத்தனை தலையும் அந்த ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்துத் திரும்பின. கடலிலிருந்து பார்த்தாலும் தெரிகிற நிறம் அது.

நாட்டார் ராஜவேல் எழுந்து வந்தார். ஊர்க்கட்டைக் காப்பவர், வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை. "என்னாப்பா குப்பா, இன்னிக்கு போட்ட எறக்குற? வெள்ளிக்கெழம தெரியாதா?"

"முகத்துவாரம் வரைக்குந்தான் நாட்டாரே."

"முகத்துவாரம்னா கடலுதான?" என்றார் ஒருவர்.

"அது எப்புடிக் கடலு? ஆறு முடிஞ்சாத்தான கடலு. அது ஆத்துல சேத்தி" என்றார் இன்னொருவர்.

"அப்ப போன வருசம் அங்க வலை போட்ட என் மச்சானுக்கு மட்டும் ஏன் கட்டு மீறுனான்னு தெண்டம் போட்டீங்க?"

அவ்வளவுதான். வலை ஊசிகள் கீழே போயின. முகத்துவாரம் கடலா ஆறா என்று ஊர் இரண்டாகப் பிரிந்தது. உப்பைச் சாட்சிக்கு இழுத்தார்கள். இரண்டு பேர் தண்ணீரைக் குடித்துப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். நடுவில் நாட்டார் கேட்டார், "எல்லாம் இருக்கட்டும். வலையும் இல்லாம, இந்தப் பொண்ணு வேற கூட, அங்க என்னாத்துக்குப் போறீங்க?"

குப்பன் குனிந்துகொண்டார். இசைவாணி வாயைத் திறந்து மூடினாள். நோயாளியின் ரகசியம் வெளியே போகக்கூடாது என்பது அவள் படிப்பின் முதல் பாடம். சபாபதி இன்ஜின் கயிற்றைக் கையில் பிடித்தபடி, "ஆமா, என்னாத்துக்கு மாமா?" என்றான்.

குணசுந்தரிக்கு அந்தப் பாடம் கிடையாது.

"என் புருசனுக்கு முகத்துவாரத்துக்குப் போனா உசுரு போற மாதிரி வருது! போதுமா? நாப்பது நாளா அதுதான். வயித்துவலியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பயம்! அத தீக்கத்தான் இந்தப் புள்ள வந்துருக்கு. சிரிக்கிறவன் சிரிச்சிட்டுப் போ, நாளக்கி நான் மீன் கூடையோட ஒவ்வொருத்தன் வூட்டு வாசலுக்கும் வந்து பாத்துக்கறேன்!"

டீக்கடையில் கேரம் நின்றது. குப்பன் முகம் செத்துவிட்டது. இசைவாணி என் கையைப் பிடித்தாள். எல்லாம் கெட்டது என்று நானும்தான் நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் முதல் ஆளாகச் செருப்பைக் கழற்றியிருப்பேன்.

நாட்டார் மீசையைத் தடவினார். "வலை ஏத்துனா அது தொழிலு. வெள்ளிக்கெழம ஆவாது. வலை இல்லாம போனா அது வைத்தியம். வைத்தியத்துக்கு வெள்ளி என்னா சனி என்னா. போயிட்டு வாங்க. ஆனா முகத்துவாரத்தத் தாண்டக் கூடாது" என்றார். பிறகு ஊரைப் பார்த்து, "என்னாடா வேடிக்க? தைங்கடா!" என்றார்.

நானும் ஏறித் தொலைத்தேன். உள்தண்ணீர் வரைக்கும் சுகமாகத்தான் இருந்தது. முகத்துவாரம் நெருங்கியதும் தண்ணீர் நிறம் மாறியது, போட்டு தூக்கிப் போட்டது. சபாபதி கத்த ஆரம்பித்தான். "அந்தப் பக்கம் ஒக்காரு! மருந்துக்காரம்மா, நடுவுல வாங்க!" குப்பன் போட்டு விளிம்பைப் பிடித்தார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. உதடு வெளுத்தது.

"வந்துருச்சு பாப்பா. திருப்பச் சொல்லு."

பாப்பா எங்கே சொல்வது? அவள் ஏற்கெனவே போட்டுக்கு வெளியே தலையை நீட்டி, காலையில் தின்ற இட்லியைக் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மிதவைச் சட்டை கழுத்தை இறுக்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. 'அம்மா, அம்மா' என்று திட்டக்குடிக்குக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"மாமா, இந்தப் புள்ள செத்துரும் போலருக்கு. நான் திருப்புறேன்" என்றான் சபாபதி.

"திருப்பாதீங்கண்ணே!" என்று அவள் கத்தினாள். "எறங்குற வரைக்கும்... இங்கியே..." மறுபடி வாந்தி. "...இருக்கணும்! இப்ப திரும்புனா எல்லாம் வீணு!"

ஐயோ பாவமே, அப்போதுதான் அந்தப் பெண்மேல் எனக்கு மரியாதை வந்தது. தன் உயிர் போகும்போதும் பாடத்தை விடவில்லை.

குப்பன் விளிம்பிலிருந்து ஒரு கையை எடுத்தார். அந்தக் கையால் அவள் மிதவைச் சட்டையின் பட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து உட்கார வைத்தார். "பாப்பா, தண்ணியப் பாக்காத. தோ, அந்தச் சவுக்க பாரு, கரையப் பாரு. மூச்ச மெதுவா விடு. நாலு எண்ணு. நீதான எனக்குச் சொல்லிக் குடுத்த? நானும் எண்ணுறேன் பாரு."

இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினார்கள். அவர் குரலும் ஆடியது. ஒரு அலை போட்டைத் தூக்கியது, இறக்கியது.

"தோ எறங்கிருச்சு" என்றார்.

"அடுத்தது வருதேண்ணே!"

"வரும். அதுவும் எறங்கும்."

இருபது நிமிடம் அங்கேயே ஆடிக்கொண்டு கிடந்தோம். அவர் முகத்தில் ரத்தம் மெதுவாகத் திரும்பி வந்தது. விரல் ஒவ்வொன்றாக விளிம்பை விட்டது. சபாபதி கத்துவதை நிறுத்தி மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது அவன் இன்ஜின் சத்தத்தோடு சத்தமாகச் சொன்னான். "எனக்கும் இந்த எடத்துல தொட நடுங்கும் மாமா. அப்பா உசுர விட்ட எடம்ல இது. நான் கத்துறேன்ல, அது ஒங்களப் பாத்து இல்ல."

குப்பன் போட்டுக் கயிற்றை எடுத்துச் சுருட்டினார். "திங்கக்கெழம எத்தினி மணிக்கு மச்சான்?" என்றார்.

திங்கட்கிழமை போனார். செவ்வாயும் போனார். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு குணசுந்தரி ஒரு கொடுவா மீனை இலையில் சுற்றிக் கொண்டுவந்து, தடுப்பூசி ஃப்ரிட்ஜில் வைக்கப் பார்த்தாள். நான் போட்ட சத்தத்தில் டாக்டரே எழுந்து வந்துவிட்டார். பின்னாலேயே உப்பு பூத்த கையோடு குப்பன் வந்து, இசைவாணிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"அந்தத் தாள எடு பாப்பா. அன்னிக்கு நான் சரியா சொல்லல. இவ இருந்தா இருக்கட்டும், பரவால்ல."

அவள் கேட்டாள். தூக்கம்? "வரல. மூணு போடு." பழைய வேலைகளில் ஆசை? "இப்பத்தான் கொஞ்சம் வருது. ரெண்டு." தன்னைப் பற்றி மோசமான நினைப்பு? அவர் மனைவியைப் பார்த்தார். "தெனமும். ஆம்பளயா இருந்து என்னா பிரயோஜனம்னு தெனமும் நெனச்சேன். மூணு." குணசுந்தரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்பதாவது கேள்வி வந்தது. என் கை நின்றது.

"அது இல்ல" என்றார். "வந்துருந்தா சொல்லிருவேன். இப்ப சொல்லிருவேன்."

என் கை மறுபடி எண்ண ஆரம்பித்தது.

கூட்டினால் பதினாலு. அவர் எழுந்ததும் இசைவாணி அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் அழாத குறையாக நின்றாள். "சார், ரெக்கார்டுல முன்னாடி பூஜ்யம், பின்னாடி பதினாலுன்னு வருது. நான் பாத்ததால அவருக்கு நோய் ஏறுன மாதிரி இருக்குது. எங்க மேடம் கேட்டா என்ன சொல்றது?"

டாக்டர் தாளை வாங்கி மேசைமேல் வைத்தார். வெளியே நூற்று முப்பது பேர் காத்திருந்தார்கள். அவர் பேனாவை எடுத்து, பூஜ்யத்துக்கும் பதினாலுக்கும் பக்கத்தில், 'நோயாளி இப்போது உண்மை பேசுகிறார், தொழிலுக்கும் போகிறார், நல்ல முன்னேற்றம், வாராவாரம் பார்க்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "உங்க மேடம் கேட்டா என்கிட்ட பேசச் சொல்லு. அடுத்த ஆள வரச் சொல்லும்மா" என்றார்.

குப்பன் என் ஜன்னலைத் தாண்டினார். பழக்க தோஷத்தில் நான் வயிற்றுப்புண் மாத்திரை ஒரு அட்டையைக் கம்பிக்கு வெளியே நீட்டியிருந்தேன்.

"இருக்கட்டும்மா, வேற யாருக்காவது குடு" என்று சொல்லிவிட்டு, வலை கிழிந்திருக்கிறது என்று வேகமாகப் போனார்.

பதினேழு வருடத்தில் என் ஜன்னலில் மாத்திரை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எந்தப் பெட்டியில் திருப்பி வைப்பது என்று தெரியாமல் நான் நின்றேன்.